சுவரில் வைத்த ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பீங்கான் வளையம். புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். ஸ்பீக்கர் என்று சொன்னால், "உங்க வூட்டுக்காரரு செஞ்சதா?" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவரு கை கைதான்" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இத்தனை வருஷம் கேட்டாகிவிட்டது. போதும். எழுதிவிடுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஷெட்டில் வேலை. களிமண்ணைப் பால் போலக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். பிரித்தெடுத்தால் பொம்மையின் உடம்பில் ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்வது என் வேலை. ஃபினிஷிங் என்பார்கள். நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. தெரிந்தால் திட்டு விழும்.

நாங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மண் அரைக்கும் மில். பெரிய இரும்பு உருளை. உள்ளே கூழாங்கல் போட்டுச் சுற்றவிடுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடகடவென்று உருளும். வேலை முடிந்து வெளியே வந்தாலும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். தெருவுக்கு வந்தால் கல்யாண வீட்டு மைக் செட். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். பாட்டா அது? தகரத்தைக் கல்லில் தேய்க்கிற மாதிரி இருக்கும். எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு மரியாதை என்று ஊரில் கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு ஜங்ஷன் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர் கடை. கெட்டிக்காரர். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாயில் ஒரு சொல்தான் உண்டு. யார் எதைக் கேட்டாலும் "சரி." கடைக்கு வருகிறவன் கேட்டாலும் சரி, அண்ணன் கேட்டாலும் சரி.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கு ஹை-ஃபை பைத்தியம் பிடித்தது. நெய்வேலியில் வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு ரெக்கார்டு பிளேயரை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். அதற்கு இவரே வால்வு வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டினார். மெட்ராஸ் போய் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். எட்டு அங்குல அகலம். காகிதக் கூம்பு, பின்னால் காந்தம். வயரைக் கொடுத்துத் தரையில் வைத்துப் போட்டுக் காட்டினார். கொசு பாடுகிற மாதிரி இருந்தது.

"இதுக்கா மெட்ராஸு போனீங்க?"

"பொட்டி இல்ல புள்ள. முன்னால போடுற சத்தத்தப் பின்னால போடுற சத்தம் தின்னுடுது. பொட்டிக்குள்ள அடச்சிட்டா அப்பறம் பாரு."

பெட்டி செய்ய ஆள் இருந்தார். பீங்கான் ஷெட்டுகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுக்கும் ஆசாரி. அந்த மர மாதிரியை வைத்துத்தான் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். கை சுத்தம். தடித்த பலகை வாங்கி அவரிடம் கொடுத்தாயிற்று. ஓட்டை எவ்வளவு என்று கேட்க ஆசாரி வந்தபோது என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். நான்தான் இருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மண் காயும்போது கொஞ்சம் இளைக்கும். சூளையில் வேகும்போது இன்னும் இளைக்கும். எட்டு அங்குலத்தில் ஒரு தட்டு வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு போட வேண்டும். ஷெட்டில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. வாய் தானாகக் கூட்டிச் சொல்லும்.

"ஓட்ட எவ்ளோம்மா?" என்றார் ஆசாரி.

"ஒம்போது" என்றேன்.

அவரும் இந்த ஊர்க்காரர்தானே. வாழ்க்கை முழுக்க ஷெட்டுக்கு மரம் இழைத்தவர். நான் சொன்ன ஒன்பதை அவர் கை பத்தாக்கிவிட்டது.

பெட்டி இரண்டும் வந்தன. அழகான பெட்டி. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரை எடுத்து ஓட்டையில் வைத்தார். உள்ளே விழுந்துவிட்டது. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். ஆசாரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எட்டுன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?" என்றார் இவர்.

"எரியிறதுக்கு ஒண்ணு கூட்டிச் சொன்னேன்."

"நானும் எரியிறதுக்கு ஒண்ணு கூட்டிட்டேன்" என்றார் ஆசாரி.

"மரத்த யாருய்யா சூளையில வெக்கிறான்?"

விஷயம் மறுநாளே ஷெட்டுக்குப் போய்விட்டது. சூளையில் அடுக்குகிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எம்மா, அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா, ஒரு ஓரமா வெச்சுச் சுட்டுக் குடுக்குறேன். ஓட்ட தானா சின்னதாவும்" என்பார். டீ குடிக்கிற இடமெல்லாம் இதே சிரிப்பு.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். பலகையை வீணாக்க எனக்கு மனசில்லை. ஒரு வளையம் செய்தால் என்ன என்று தோன்றியது. வெளிப்பக்கம் பத்து அங்குல ஓட்டையை மூடுகிற மாதிரி, உள்பக்கம் எட்டு அங்குல ஸ்பீக்கர் உட்காருகிற மாதிரி. இந்தத் தடவை கூட்டுவது சரிதான், ஏனென்றால் இது வேகும். அச்சு எடுக்கிறவரிடம் கெஞ்சி ஓர் அச்சு எடுத்தேன். முதல் வளையம் சூளையில் கோணிக்கொண்டது. அடுத்தது திருகு ஓட்டையில் விரிசல் விட்டது. அதற்கப்புறம் தட்டையான பலகைக் கல்லில் கிடத்திச் சுடச் சொன்னேன். இரண்டு நேராக வந்தன. வெள்ளைப் பளபளப்பு. விளிம்பை விரலால் தடவினால் எங்கும் தட்டாது.

பெட்டியில் வளையத்தை வைத்து, அதில் ஸ்பீக்கரைத் திருகினார். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். பலகையில் நேராகத் திருகினால் கொஞ்சமாவது அதிருமாம். பீங்கான் அசையவே இல்லையாம். ஒரு நிமிஷம் சந்தோஷமாக என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தோடு சரி.

பெட்டி ஃபினிஷிங் முழுக்க நான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கரடுத்தாள் முதலில், நைஸ் அப்புறம். மூட்டில் இருந்த இடைவெளிக்கு மரத்தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்து அடைத்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, வட்டம் வட்டமாகப் பாலிஷ் இழுத்தேன். காயவிட்டுத் திரும்ப இழுத்தேன். கை நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். ஷெட்டில் பழகின கைக்கு அது கஷ்டமாக இல்லை. உள்ளே திணிக்க இலவம்பஞ்சு வேண்டும் என்றார். என் தலையணையைப் பிரித்தேன். முன்பக்கம் போர்த்த மெல்லிய துணி வேண்டும் என்றார். கடைத் துணிகளை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று தடையில்லாமல் மறுபக்கம் போக வேண்டுமாம். எதுவும் சரிப்படவில்லை. என் பழைய மெல்லிசு நூல் சேலையை ஊதினார். "இதான்" என்றார். கிழித்தாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டியையும் கூடத்தில் தள்ளித் தள்ளி வைத்து ரெக்கார்டு போட்டார்.

நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த சினிமாப் பாட்டுதான். குழாயில் ஆயிரம் தடவை கேட்டது. ஆனால் அடியில் தபேலாவின் இடது பக்கம் கும் கும் என்று வருவதை அன்றுதான் கேட்டேன். அது என் முதுகில் தூண் வழியாக வந்தது. அப்புறம் பாடுகிறவள் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுத்தாள். கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை பாட்டு என்றால் தானாக வருவது என்று நினைத்திருந்தேன். ஒரு பொம்பளை மூச்சு வாங்கித்தான் பாடுகிறாள். குழாயில் கேட்ட பாட்டில் அந்த மூச்சு இல்லவே இல்லை.

காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த மில் அன்று நின்றது.

"இந்தாங்க," என்றேன். "இது இங்கதான் இருக்கணும். யாருக்கும் கிடையாது."

"சரி" என்றார்.

சரிதான்.

அவருடைய அண்ணன் பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருந்தார். எனக்கு மூத்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிடுகிற டிராக்டரும் அவரும் எப்போதும் சேர்ந்தே வருவார்கள். அடுத்த வாரமே வந்தார். பாட்டைக் கேட்டார். பெட்டியின் மேல் கையை வைத்துத் தடவினார்.

"யப்பா, என்னா வழவழப்பு! கண்ணாடி மாதிரி இருக்குதேடா. இந்த வெள்ள ரிங்கு என்னாடா?"

"ஹை-ஃபைல அப்பிடித்தாண்ணே வெப்பாங்க" என்றார் இவர்.

நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஹை-ஃபையில் அப்படித்தான் வைப்பார்களா? ஓட்டை பெரிசாகிப் போன கதை என்ன ஆயிற்று? கோணிக்கொண்ட வளையம் என்ன ஆயிற்று?

"டேய், நம்ம பாப்பா மஞ்ச நீராட்டுக்கு இதத் தூக்கிட்டுப் போறேன்டா. விசேஷம் முடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்."

"சரிண்ணே."

"மாமா, வளையம் பீங்கானு," என்றேன். "டிராக்டர்ல குலுங்குனா வெடிச்சிரும்."

"வைக்கோலு போட்டு எடுத்துக்கிறேம்மா. உங்க ஷெட்டு பொம்மையெல்லாம் வைக்கோல்லதானே மெட்ராஸு வரைக்கும் போவுது? பெண்ணாடம் போவாதா?"

போயிற்று. திரும்பி வரவில்லை.

பொங்கலுக்குப் பெண்ணாடம் போனோம். ஒரு பெட்டி கூடத்தில் இருந்தது. அதன்மேல் வெற்றிலைத் தட்டு, சுண்ணாம்பு டப்பி. சூடான டம்ளர் வைத்து வைத்து பாலிஷ் எல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம் போட்டிருந்தது. இன்னொரு பெட்டி உர மூட்டை இருந்த அறையில். அதன்மேலும் ஒரு மூட்டை. எலி என் சேலையைக் கடித்து உள்ளே போய் என் தலையணைப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. வளையம் மட்டும் அப்படியே இருந்தது.

மூத்தாரின் மனைவியை நான் அக்கா என்பேன். அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

"அக்கா, இதும்மேல சூடா எதையும் வெக்கக்கூடாது."

"ஏண்டி, பலகதானே? பலகமேல வெக்காம ஒன் தலமேலயா வெக்கிறது?"

கூடத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பாலிஷு போயிரும்க்கா."

"போனாப் போவுது. என் கொழுந்தன் வந்தா இன்னொரு வாட்டி இழுத்துட்டுப் போவாரு. அவரு கைக்கு அது ஒரு வேலையா?"

"அது நான் போட்டது."

"நீயா?" அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பொம்மைக்கு மூஞ்சி தொடைக்கிறவதானேடி?"

மறுபடியும் சிரிப்பு. என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்காமல் இருக்காது. காது வேலை பார்க்கிறவர். வெளியே வரவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன், "ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"பொங்கலும் அதுவுமா எதுக்குன்னு வுட்டுட்டேன்."

எனக்கு மட்டும் பொங்கல் இல்லையா?

அவர் மறுபடியும் மெட்ராஸ் போய் ஸ்பீக்கர் வாங்கி வந்தார். அடுத்த ஜோடி செய்தோம். அதற்கும் எல்லாம் நான்தான். சேலை மட்டும் வேறு. அது கொஞ்ச நாள் வீட்டில் நின்றது. சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்து, கைகால் கழுவி, ரெக்கார்டில் ஒரு பக்கம் கேட்பேன். ஒரு பக்கம்தான். அப்புறம் அடுப்பு. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்காக நாள் முழுக்க மில் சத்தத்தைத் தாங்க முடிந்தது. ஃபினிஷிங் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் கேட்பாள், "என்னாடி ஒனக்குள்ளயே தல ஆட்டிக்கிற?" ஒன்றும் இல்லை என்பேன்.

சேத்தியாத்தோப்பில் மைக் செட் வைத்திருந்த ஒருவர் இவருக்குச் சிநேகிதம். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தேன். கூடம் வெறிச்சென்று இருந்தது. தரையில் இரண்டு சதுரம் மட்டும், தூசி படாமல்.

"எங்க?"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கன்னு கேட்டேன்."

"அவரு வந்திருந்தாரு. கேட்டாரு. நம்ம கல்யாணத்துக்கு அவருதானே மைக் செட்டு கட்டுனாரு. எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"வாயால சொல்றது. இல்லன்னு."

"வேற செஞ்சிக்கலாம் புள்ள."

"யாரு செய்றது?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. வேண்டுமென்று செய்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

அன்றோடு உப்புத்தாளை எடுத்துப் பரணில் போட்டேன். அரக்கு டப்பாவை மூடினேன். இனி பெட்டியைத் தொட மாட்டேன் என்றேன். சரி என்றார்.

அவரே ஒரு ஜோடிக்கு ஃபினிஷிங் செய்தார். பாலிஷ் இழுக்கும்போது கை நின்றுவிட்டது. துணி ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். நூல் நூலாக அதிலேயே நின்றது. வளையம் இல்லை. ஓட்டை சரியாக எட்டுத்தான். அதைக் கடையில் வைத்தார். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஏங்க, இந்த வாட்டி உங்க கை எறங்கிடுச்சே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

இதை அவரே வீட்டில் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் கை அன்று இறங்கவில்லை. என்றைக்கும் இருந்த அதே இடத்தில்தான் இருந்தது.

அந்தப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. வேண்டுமானால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பாட்டைப் போட்டார். வளையம் இல்லாத இடம் கொரகொரவென்று அதிர்ந்தது. பாடுகிறவள் மூச்சு கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று புரிந்தது. தூக்க முடிந்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். இவர் சரி என்பார். இவரை மாற்ற முடியாது. அப்படியானால் தூக்க முடியாதபடி செய்ய வேண்டும்.

எங்கள் கூடத்தின் பின்சுவர் மண் சுவர். மழைக்கு ஊறி ஊறி இடிகிற மாதிரி இருந்தது. எழுபதுகளில் ஒரு கோடையில் அதை இடித்துச் செங்கல் வைத்துக் கட்ட ஏற்பாடு ஆனது. ஊரில் சாக்கடைக் குழாய் சுடுகிற ஷெட் இருந்தது. தடித்த பீங்கான் குழாய். கோணினது, விரிசல் விட்டது எல்லாம் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும். வேலி கட்டுகிறவர்கள் எடுத்துப் போவார்கள். கேட்டால் தருவார்கள். நானும் போய்த் தட்டித் தட்டிப் பார்த்தேன். விரிசல் விட்டது தகரம் மாதிரிக் கேட்கும். லேசாகக் கோணியது மட்டும் மணி மாதிரிக் கேட்கும். கோணல் எனக்குக் கவலை இல்லை. பெரிய வாய் வைத்த குழாய் இரண்டு எடுத்து வந்தேன்.

சுவர் இடுப்பளவு வந்ததும் கொத்தனாரிடம் சொன்னேன். "இந்த எடத்துலயும் அந்த எடத்துலயும் கொழாயப் படுக்க வெச்சுக் கட்டணும். வாய் கூடத்தப் பாக்கணும். பின் பக்கம் செவுத்துக்கு அந்தாண்ட தாழ்வாரத்துல நீட்டிக்கிட்டு நிக்கட்டும். அந்த முனைய அடச்சு, சுத்தியும் செங்கல்லு கட்டிருங்க."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எம்மா, சாக்கடத் தண்ணி கூடத்துக்கா வரணும்?"

"தண்ணி வராது. பாட்டு வரும்."

"எது?"

"பாட்டு."

அவர் சித்தாளைப் பார்த்தார். சித்தாள் தலையைக் குனிந்து கலவையைக் கிண்டினாள். தோள் மட்டும் குலுங்கியது. "ஐயா வரட்டும்மா. ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றார் கொத்தனார்.

ஐயா வந்தார். குழாயைப் பார்த்தார். குனிந்து அதன் வாய்க்குள் "ஊ" என்று ஊதினார். காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. நான் செய்ததன் காரணம் அவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும். இந்த மாதிரி அசையாத பெட்டி மரத்தில் வரவே வராது என்றார். குழாயைச் சுற்றி மணிமுத்தாற்று மணலைச் சலித்துப் போட்டு இறுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். குழாய் நீளத்தை அளந்து, பஞ்சு எவ்வளவு திணிப்பது என்று தரையில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டார்.

போட்டுக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். "ஏம்புள்ள, அண்ணன் வந்து கேட்டா?"

"செவுத்தோட எடுத்துக்கச் சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் கொஞ்சம் புரிந்திருக்கும். சரி என்றுகூடச் சொல்லவில்லை.

ஸ்பீக்கர், யாரும் கேட்காத அந்தப் பெட்டியில் இருந்ததுதான். வளையம் புதிதாகச் செய்தேன். குழாய் வாயில் சிமெண்டில் பதிகிற மாதிரி பின்னால் ஒரு விளிம்பு வைத்து. சூளையில் அடுக்குகிறவர், "இன்னும் அந்த ஓட்டைய அடச்சு முடிக்கலியா நீ?" என்றார். ஆனால் நல்ல இடத்தில், தீ நேராக நாக்கை நீட்டாத இடத்தில் வைத்துக் கொடுத்தார். சுவரைப் பூசினது கொத்தனார். வளையத்தைச் சுற்றிப் பூசினது நான். அவரை விடவில்லை. ஈரப் பஞ்சு வைத்துச் சிமெண்டும் பீங்கானும் சேர்கிற கோட்டைத் துடைத்தேன். கோடு இருந்ததே தெரியவில்லை.

மூத்தார் வந்தார். வராமல் இருப்பாரா? பெண்ணாடம் வரைக்கும் பேச்சுப் போயிருந்தது. தம்பி வீட்டுச் சுவர் பாடுகிறதாம் என்று. அக்காவும் கூட வந்திருந்தார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இவர் ரெக்கார்டைப் போட்டார். ஒரு பக்கத்திலேயே ஆறேழு பாட்டு ஓடுகிற பெரிய தட்டு. மூத்தார் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வளையத்தைத் தடவினார். தட்டினார். தாழ்வாரத்துக்குப் போய்ப் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்தார். செங்கல்தான் இருந்தது.

"டேய், இத எப்பிடிடா எடுக்குறது?"

"எடுக்க முடியாதுண்ணே."

"அந்த ஸ்பீக்கர மட்டும் கழட்டிக் குடேன். நாலு திருகுதானே? ரிங்கோட வந்தாலும் செரி."

கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரையே பார்த்தேன். என் வீட்டுக்காரரை. அந்த ஒரு சொல் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் தொண்டையைக் கனைத்தார். "பொட்டி இல்லன்னா அது கொசு மாதிரிதாண்ணே கத்தும். இதுக்கு இந்தச் செவுருதான் பொட்டி. வேற எங்க வெச்சாலும் பாடாது."

"அப்ப பெண்ணாடத்துல வந்து இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடு."

"கட்டலாம். வளையத்துக்கு..." என்று ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பினார்.

சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வளையத்துக்குச் சூளை கெடைக்கணும்" என்று முடித்தார்.

சூளை கிடைக்கணுமாம். சூளைதான் செய்ததா? அச்சுக்காரரிடம் கெஞ்சினது சூளையா? தேய்த்தது, இழுத்தது, தலையணையைப் பிரித்தது எல்லாம் சூளையா?

"என்னா கைடா ஒனக்கு," என்று மூத்தார் அவர் முதுகில் தட்டினார். அக்கா, "ஆமா, சும்மாவா?" என்றார். இவர் சிரித்தார். அவர் சரி என்று சொல்லாததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றைக் கழித்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

மூத்தார் தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "யம்மா, டீ போடேன்" என்றார்.

தபேலா அடியில் வந்துகொண்டிருந்தது. பாடுகிறவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்.

"பாட்டு முடியட்டும் மாமா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூத்தாரும் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. ரெக்கார்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் நிறையப் பாட்டு இருந்தது. உட்கார்ந்திருந்தார்கள்.